தப்புக்கு ஒரு கட்டம்

பேஸ்பால் ஸ்கோர்போர்டைப் பாத்திருக்கீங்களா? இன்னிங்ஸ் வாரியா ஒன்பது கட்டம் வரிசையா இருக்கும். அதைத் தாண்டி வலது ஓரத்தில் மூணு கட்டம் தனியா நிற்கும். ஆர், ஹெச், ஈ. ஆர் என்றால் ரன். ஹெச் என்றால் ஹிட். ஈ என்றால் பறக்கிற ஈ இல்லை, எரர். நம்ம பாஷையில் தப்பு. இந்த டீம் இன்னிக்கு எத்தனை தப்பு பண்ணியிருக்கு என்பதை, மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி லைட் போட்டு எழுதி வைத்திருப்பார்கள்.

அமெரிக்கா வந்த புதுசில் இந்த ஆட்டத்தில் எனக்குப் புரிந்தது இந்த மூணாவது கட்டம் மட்டும்தான். பிடித்ததும் அதுதான். நாமெல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கோஷ்டி. அங்கே ஸ்லிப்பில் நிற்கிறவர் லட்டு மாதிரி வந்த கேட்சைக் கோட்டை விட்டாலும் ஸ்கோர்கார்டில் அவர் பேரில் ஒரு புள்ளி விழாது. பத்து ரன்னில் தப்பித்த ஆள் நூத்திப்பத்து அடித்தால், அந்த நூறும் பௌலர் கணக்கில்தான். கீப்பரைத் தாண்டிப் போனால் 'பை' என்று தனியா எழுதுவார்கள். நம்ம நியாயம் அதோட சரி. இங்கே என்னடான்னா, தப்புக்கு ஒரு கட்டம், தப்பு பண்ணினவனுக்கு ஒரு நம்பர், அந்தத் தப்பால் வந்த ரன்னுக்குத் தனிக் கணக்கு. ஆஹா, இதுவல்லவோ தர்மம் என்று புல்லரித்துப் போனேன்.

அப்புறம் ஒருநாள் விதிப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். புல்லரிப்பு கொஞ்சம் அடங்கி யோசனை ஆரம்பிச்சது. அந்த யோசனையைத்தான் இங்கே கொட்டப்போகிறேன். பேஸ்பால் தெரியாதவர்களும் தைரியமா படிக்கலாம், வேண்டியதை நடுநடுவே சொல்லிவிடுகிறேன் :-)

முதலில், இந்தக் கணக்கை எழுதுகிறவர் யார்? அம்பயர் இல்லை. அம்பயர் வேலை அவுட்டா இல்லையா என்று சொல்வது. மேலே பிரஸ் பாக்ஸில் அஃபிஷியல் ஸ்கோரர் என்று ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். 1970களின் கடைசி வரை பெரும்பாலும் ஊர்ப் பத்திரிகை நிருபர்கள்தான் இதைச் செய்தார்கள். ஒருத்தர் பேரில் எரர் எழுதிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அதே ஆளிடம் போய் பேட்டி கேட்கிற பிழைப்பு! இப்போது லீகே ஆள் போடுகிறது. இவருடைய தீர்ப்பால் யார் ஜெயித்தார் என்பது மாறவே மாறாது. வந்த ரன் வந்ததுதான். இவர் சொல்வது ஒன்றே ஒன்று. அந்த ரன்னுக்கு யார் பொறுப்பு?

அதற்கே எவ்வளவு சண்டை தெரியுமா. ஸ்கோரர் தன் முடிவை 24 மணி நேரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காத ஆட்டக்காரர் 72 மணி நேரத்துக்குள் லீகிடம் அப்பீல் போகலாம். போகிறார்கள். பின்னே, எரரா ஹிட்டா என்பதில் மூணு பேர் கணக்கு மாறுகிறதே! ஹிட் என்றால் பேட்டருக்கு லாபம், ஃபீல்டர் தப்பித்தார், பிட்சருக்கு நஷ்டம். எரர் என்றால் அப்படியே தலைகீழ்.

இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர். முதலில் கிரிக்கெட் நிருபர். அப்புறம்தான் பேஸ்பால் பக்கம் வந்து பாக்ஸ் ஸ்கோர் என்கிற அட்டவணைக்கு உருவம் கொடுத்தார். நம்மாளு என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன சந்தோஷம் :-)

*

சரி, எது எரர்? புத்தகத்தில் இதற்கு உயிர்நாடி இரண்டே வார்த்தை. ஆர்டினரி எஃபர்ட். சாதாரண முயற்சி. அந்த லீகில் அந்த இடத்தில் நிற்கிற சராசரி ஃபீல்டர் ஒருத்தர் எடுத்திருக்கக்கூடிய பந்தை இவர் விட்டால் எரர். மைதானம் ஈரமா, காத்து அடிக்குதா என்பதையும் பார்க்கணும். பந்து கையில் பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போனாலும் எரர்தான்.

எதெல்லாம் எரர் இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கு. மெதுவா எடுத்தால் எரர் இல்லை. மூளையால் பண்ணுகிற தப்பு பொதுவா எரர் இல்லை. எந்த பேஸுக்கு எறியணும் என்று தெரியாமல் தப்பான பேஸுக்கு எறிந்தாலும், எத்தனை அவுட் ஆச்சு என்பதையே மறந்துபோய் நின்றாலும் ஈ கட்டத்தில் ஒன்றும் ஏறாது. எல்லாத்தையும் விடப் பெரிய ஓட்டை, பந்து கிட்டயே போகாதவனுக்கு எரர் கிடையாது. வேகமா ஓடி, எட்டிப் பாய்ந்து, கையில் வாங்கி நழுவவிட்டவன் மாட்ட வாய்ப்பு உண்டு. கால் எழும்பாமல் நாலடி தள்ளியே நின்றவன் தப்பித்தான், அது ஹிட். அதனால்தான் ஃபீல்டிங் சதவீதம் என்று ஒன்றை வைத்து ரொம்ப காலம் ஏமாந்துகொண்டிருந்தார்கள். சோம்பேறிக்கு நல்ல மார்க் வரும். இப்போதைய புள்ளிவிவரப் புலிகள் அதை ஓரம்கட்டிவிட்டு, எத்தனை பந்தை எட்டினான் என்று கேமரா வைத்து அளக்கிறார்கள். ஆனால் போர்டில் ஈ கட்டம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கு.

ஐ.டி.யில் குப்பை கொட்டுகிற மக்களுக்கு இது புதுசா என்ன? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கும். அலாரம் எல்லார் போனிலும் அடிக்கும். ஒருத்தன் மட்டும் எழுந்து லாகின் பண்ணி ஏதோ தட்டிப் பார்ப்பான். சரியாகாமல் இன்னும் கொஞ்சம் மோசமாகும். மறுநாள் மீட்டிங்கில் யார் பேர் அடிபடும்? கை வைத்தவன் பேர். போர்வையை இழுத்து மூடிக்கொண்டவர்களின் ஃபீல்டிங் சதவீதம் நூத்துக்கு நூறு. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பையன், அதுக்கப்புறம் ராத்திரி அலாரம் அடித்தால் எழுந்திருப்பதையே நிறுத்திட்டான். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை.

*

இனி ரன் கணக்கு. பிட்சர் கொடுக்கிற ரன்னில் இரண்டு ஜாதி. எர்ன்ட், அன்எர்ன்ட். எதிராளி தன் உழைப்பில் சம்பாதித்த ரன், ஃபீல்டர் புண்ணியத்தில் ஓசியில் வந்த ரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பாதித்த ரன் மட்டும்தான் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.வில் ஏறும். ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை என்பதுதான் அது. நேஷனல் லீக் 1912இலும், அமெரிக்கன் லீக் 1913இலும் இதை அதிகாரபூர்வமாக்கின.

இதைக் கணக்குப் போடுகிற விதம் ஒரு கதாசிரியன் வேலை. நடந்த இன்னிங்ஸை ஸ்கோரர் மனசுக்குள் மறுபடி ஓட்டணும், எரர்களையும் கேட்சர் கோட்டை விட்ட பந்துகளையும் எடுத்துவிட்டு. யாருமே சொதப்பாத ஒரு உலகத்தில் இந்த இன்னிங்ஸ் எப்படிப் போயிருக்கும்? சந்தேகம் வந்தால் அதன் பலன் பிட்சருக்கு.

உதாரணம் பாருங்க. ஒரு இன்னிங்ஸுக்கு மூணு அவுட். இரண்டு அவுட் ஆச்சு, பேஸில் யாரும் இல்லை. ஷார்ட்ஸ்டாப்புக்கு சுலபமான பந்து, விட்டுட்டார். எரர். அடுத்த ஆள் ஹோம் ரன். அதுக்கடுத்த ஆளும் ஹோம் ரன். மூணு ரன் போச்சு. பிட்சர் கணக்கில்? பூஜ்யம்! கற்பனை உலகத்தில் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இன்னிங்ஸ் அங்கேயே முடிந்துவிட்டது. அந்த இரண்டு ஹோம் ரன்னும் நடக்கவே இல்லை. இதே இடத்தில் எரருக்கு அப்புறம் வேறு பிட்சர் உள்ளே வந்து முதல் ஹோம் ரன்னைக் கொடுத்திருந்தால், அதை அடித்த ஆளின் ரன் அந்தப் புது ஆள் பேரில் ஏறும். ஏன்னா, நீ வருவதற்கு முன்னால் நடந்த தப்பைக் காட்டி நீ ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னொரு கூத்து. பிட்சரே பந்தை எடுத்துக் கண்டபடி எறிந்து எரர் பண்ணினால்? அதுவும் எரர்தான், அதனால் வந்த ரன்னும் ஓசி ரன்தான். தன் தப்பே தன்னைக் காப்பாற்றும்! ஆனால் ஒரே வீச்சில் இரண்டு அவுட் எடுக்கிற டபுள் பிளேயை மட்டும் புத்தகம் எதிர்பார்க்காது. முதல் அவுட்டை எடுத்துவிட்டு இரண்டாவதுக்கு எறியும்போது சொதப்பினால், யாரும் கூடுதலா ஒரு பேஸ் ஓடாதவரை எரர் இல்லை. அப்புறம் ரன் வந்தால் பிட்சர் தலையில்.

எல்லாத்துக்கும் மேலே ஒன்று. அவுட்ஃபீல்டர் குறி தப்பாமல் இரண்டாவது பேஸுக்கு எறிகிறார். பந்து நேரா அந்த பேஸ் மேலேயே பட்டுத் தெறித்து எங்கேயோ ஓடுகிறது. ஓடுகிறவன் இன்னொரு பேஸ் எடுத்துவிட்டான். யார் தப்பு? யாருடையதும் இல்லை. ஆனால் எறிந்தவர் பேரில் எரர் எழுது என்கிறது புத்தகம். சரியா எறிந்தவனுக்கு இது அநியாயமா தெரிந்தாலும் எழுது என்று அதிலேயே சொல்லியிருக்கு. காரணம், ஓடின ஒவ்வொரு பேஸுக்கும் கணக்கு வேண்டும்.

இந்த வரியில்தான் நான் மாட்டிக்கொண்டு நின்றேன். இது தர்மம் இல்லை, கணக்கு. பேரேட்டில் பற்றும் வரவும் பொருந்தணும். யாராவது ஒருத்தர் பேரில் எழுதியாகணும். அதிர்ஷ்டம் என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் அதுவும் ஒரு மனுஷன் பேரில்தான் ஏறும்.

*

பில் பக்னர் கதை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் அவரை நினைத்திருப்பீர்கள். 1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம். உலக சீரிஸ் ஆறாவது ஆட்டம். 1918க்கு அப்புறம் கோப்பையே பார்க்காத பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். பத்தாவது இன்னிங்ஸ், 5-3 முன்னிலை, இரண்டு அவுட், பேஸில் ஒருத்தரும் இல்லை. இன்னும் ஒரு அவுட்!

பிட்சர் ஷிரால்டி வரிசையா மூணு ஹிட் கொடுத்தார். 5-4. அவரை எடுத்துவிட்டு ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். அவர் வீசிய ஒரு பந்து கேட்சரையும் தாண்டி ஓட, 5-5. அது வீசினவர் தப்பா, பிடிக்காதவர் தப்பா? வீசினவர் தப்பு, 'வைல்ட் பிட்ச்' என்று எழுதினார் ஸ்கோரர். அதுவும் எரர் கட்டத்தில் வராது. அதுக்கப்புறம்தான் மூக்கி வில்சன் முதல் பேஸ் பக்கம் உருட்டிவிட்ட அந்தப் பந்து. பக்னர் குனிந்தார், கிளவுக்கு அடியில் புகுந்து போயே போச்சு. 6-5. ஸ்கோர் புத்தகத்தில் ஈ-3. மூணு என்பது முதல் பேஸ் ஃபீல்டரின் நம்பர்.

கணக்கு சரிதான். சராசரி ஆள் எடுக்கிற பந்து, விட்டார், எரர். ஆனால் அந்தப் பந்து வரும்போதே ஆட்டம் சமநிலை. பக்னருக்குக் கணுக்கால் இரண்டும் மோசம். அந்த சீசன் கடைசியில் முன்னிலையில் இருக்கும்போது அவரை உட்காரவைத்துவிட்டு ஸ்டேபிள்டனை இறக்குவது மேனேஜர் ஜான் மக்னமாராவின் வழக்கம். அன்னிக்கு இறக்கவில்லை. அதற்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை. மேனேஜரின் தப்புக்கு எந்த நம்பரும் கிடையாது. ஏழாவது ஆட்டம் என்று ஒன்று நடந்தது, அதிலும் 8-5 என்று தோற்றார்கள். ஊர் அதையும் மறந்தது. ஞாபகம் வைத்துக்கொண்டது அந்த ஈ-3ஐ மட்டும். 2,715 ஹிட் அடித்த மனுஷர், அந்த ஒரு பந்துக்காக இருபது வருஷத்துக்கு மேல் திட்டு வாங்கினார். 2008 ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்துக்கு அவரை அழைத்து முதல் பந்து வீசச் சொன்னபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அதுவும் எப்போ? 2004, 2007 என்று இரண்டு கோப்பை கைக்கு வந்த பிறகு. 2019இல் பக்னர் காலமானார்.

*

இவ்வளவு படித்ததன் பலன், பையன் ஆடுகிற டீமில் ஸ்கோர் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒன்பது பத்து வயசுப் பசங்க. மத்த அப்பாக்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட, நான் நோட்டும் பென்சிலுமா.

போன வசந்தத்தில் ஒரு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், இரண்டு அவுட், மூணாவது பேஸில் எதிர் டீம் ஆள். ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து உருண்டு வந்தது. கொஞ்சம் வேகம்தான். பையன் குனிந்தான், கிளவுக்கு அடியில் போயிடுச்சு. தோத்துட்டோம். பிட்சர் பையனின் அப்பா நேரா என்கிட்ட வந்தார்.

"எரர்தானே போட்டீங்க?"

"இன்னும் போடலை சார்."

"எரர்தாங்க அது. எங்க பையன் கணக்குல வரக்கூடாது."

பெரிய லீகில் அது கண்ணை மூடிக்கொண்டு எரர். ஆனால் புத்தகம் என்ன சொல்கிறது? 'அந்த லீகில்' சராசரி ஆள். பத்து வயசு லீகில் அந்த வேகத்தில் வருகிற பந்தைப் பத்துக்கு ஆறு பசங்க விடுவார்கள், நானே எழுதியிருக்கேன். அதனால் ஹிட் என்று எழுதினேன். இந்த வறட்டு விதிப்புத்தகத்துக்குள் இப்படி ஒரு ஈரம் இருக்கு என்பது எனக்கு அன்னிக்குத்தான் உறைத்தது. ஆனால் அந்த ஈரமும் இலவசம் இல்லை. ஷார்ட்ஸ்டாப் பேரிலிருந்து எடுத்ததைப் பிட்சர் பேரில் வைத்தாச்சு. சம்பாதித்த ரன், ஒன்று. அந்த அப்பாவுக்கு முகம் தொங்கிப் போச்சு. அவர் பையனோ அதுக்குள் ஐஸ்கிரீம் வண்டி கிட்ட நின்றுகொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஷார்ட்ஸ்டாப் பையன் வந்தான்.

"அங்கிள், என் பேர்ல என்ன எழுதினீங்க?"

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தான்.

"ஹிட்டா? ஆனா நான் அதைப் பிடிச்சிருக்கணும் அங்கிள்."

இதற்கு எந்த விதியைச் சொல்ல? "அடுத்த தடவை பிடிச்சுடலாம்டா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அவன் மனசுக்குள் வேறொரு ஸ்கோரர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஆர்டினரி எஃபர்ட் எல்லாம் தெரியாது.

*

ஒரு பேட்டரையும் எந்த வழியிலும் பேஸை எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தால் அது பெர்ஃபெக்ட் கேம். 2014 ஜூன் 18இல் டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா 15 பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கி, ஒரு ஹிட்கூட கொடுக்காமல் முடித்தார். ஆனால் பெர்ஃபெக்ட் கேம் இல்லை, ஷார்ட்ஸ்டாப் ஹான்லி ராமிரெஸ் எறிந்ததில் ஒரு எரர். யார் தப்பு என்று புத்தகம் தெளிவா சொல்லும்.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையா அவுட் ஆக்கிவிட்டார். 27வது ஆள் ஜேசன் டொனால்ட் உருட்டிவிட்டு ஓட, பந்து முதல் பேஸுக்கு அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. டி.வி. பார்த்த குழந்தைக்கும் அவுட் என்று தெரிந்தது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் மட்டும் சேஃப் என்று கையை விரித்தார். ஆட்டம் முடிந்து ரீப்ளே பார்த்துவிட்டு, தப்பு என்னுடையது, அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதார். கமிஷனர் முடிவை மாற்றவில்லை. அம்பயருக்கு எரர் போட இடம் இல்லை. ஓடின பேஸுக்குக் கணக்கு வேண்டுமே? ஹிட் என்று எழுதினார்கள். அதாவது கலராகா கொடுத்த ஹிட்.

மறுநாள் ஆட்டத்துக்கும் ஜாய்ஸ்தான் அம்பயர். ஆடுகிறவர்கள் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க வழக்கமா மேனேஜர்தான் வருவார். அன்னிக்கு டெட்ராய்ட் அனுப்பியது கலராகாவை. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், கை குலுக்கினார்கள். பாக்ஸ் ஸ்கோரில் இன்னிக்கும் போய்ப் பாருங்க: ஒன்பது இன்னிங்ஸ், ஒரு ஹிட்.

பி.கு: 2020லிருந்து, சீசன் ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வரவில்லை என்றால், பத்தாவதிலிருந்து ஒவ்வொரு இன்னிங்ஸையும் இரண்டாவது பேஸில் ஒரு ஆளைச் சும்மாவே நிறுத்தித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2023இல் இதை நிரந்தரமாக்கிட்டாங்க. அவன் ஓடி ரன் எடுத்தால் யார் கணக்கில் எழுதுவது? ஒரு எரரால் அங்கே வந்தவன் மாதிரி வைத்துக்கொள், ஆனால் அந்த எரரை யார் பேரிலும் எழுதாதே என்று விதி போட்டிருக்கிறார்கள். யார் பேரிலும் இல்லாத தப்பு! அப்போ மனசு வைத்தால் முடியும் போலிருக்கே :-)